தனியாக மலேசியா: முதல் பயணத்துக்கான பணக் கணக்கு

முதன்முறையாக வெளிநாடு போக வேண்டும், அதுவும் தனியாக என்று கேட்பவர்களுக்கு நான் மலேசியாவைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. சுமார் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பசித்தால் தோசையும் கிடைக்கும், ரொட்டி சானாயும் கிடைக்கும்.

ஆனால் பலர், நண்பர்கள் கூட்டமாகப் போய்வந்த செலவை வாங்கி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துத் தங்கள் பட்ஜெட்டாக எழுதிக்கொள்கிறார்கள். தனி ஆளுக்கு அது சரிவராது. அறை வாடகையிலும் கிராப் செயலியில் அழைக்கும் வாடகைக் கார் கட்டணத்திலும் பங்குபோட ஆள் இல்லை. வெளிநாட்டவரிடம் வாங்கும் சுற்றுலா வரிகூட அறைக்கு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். இருவர் தங்கினாலும் அதே 10தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பர்ஸ் தொலைந்தால் கைமாற்று கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

செய்ய வேண்டியவை

● பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

● பட்ஜெட்டை ரிங்கிட்டில் எழுதுங்கள். ரூபாய்க்கு மாற்றும்போது ஒரு ரிங்கிட் 25 ரூபாய் என்றே போடுங்கள். அன்றைய விலை அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்தியாசம் கார்டு கட்டணங்களுக்கு ஈடாகும்.

● முதல் இரவுக்குத் தாராளமாக ஒதுக்குங்கள். இந்தப் பட்டியலில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 55 ரிங்கிட். பேருந்தில் போனால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. பகலில் இறங்கினால் பேருந்தே போதும். நள்ளிரவு தாண்டி இறங்குகிறீர்கள் என்றால் சேமிப்பை மறந்துவிட்டு, வாசலில் இறக்கிவிடும் வண்டிக்கோ, விமான நிலையத்தை ஒட்டிய அறைக்கோ பணம் வையுங்கள். தூக்கக் கலக்கத்தில், தெரியாத ஊரில், பெட்டியை இழுத்துக்கொண்டு தெருப் பெயர் தேடும் நிலை யாருக்கும் வேண்டாம். வரவேற்பு மேசையில் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் விடுதியா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். மிச்சம் பிடிப்பதைப் பத்து கேவ்ஸில் வைத்துக்கொள்ளலாம்: முருகன் சிலையையும் 272 படி ஏறிப் பார்க்கும் குகைக் கோயிலையும் காண நுழைவுக் கட்டணம் இல்லை, கே.எல். சென்ட்ரலிலிருந்து சில ரிங்கிட்டில் ரயில்.

● இரண்டு வங்கிகளின் கார்டுகளை எடுத்துப் போங்கள். ஒன்று பர்ஸில், மற்றது பெட்டிக்குள். ரொக்கத்தையும் அப்படியே பிரித்து வையுங்கள். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்துவிடுங்கள்.

● இந்திய சிம்மைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமாறு வைத்திருந்தால்தான் ஓ.டி.பி. வரும். இணையத்துக்கு அங்குள்ள சிம்மோ இ-சிம்மோ போதும்.

● மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். இது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

● திரும்பும் டிக்கெட், அறைப் பதிவு, கையிருப்புக்கான ஆதாரம் மூன்றையும் தாளில் அச்சிட்டு வையுங்கள். தனியாக வருபவரிடம் இமிகிரேஷன் அதிகாரி கூடுதலாக நான்கு கேள்வி கேட்கலாம், பதற வேண்டாம். பாஸ்போர்ட் நகலும் இரண்டு புகைப்படமும் தனியே இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகாரோடு கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்குப் போய் அவசரச் சான்றிதழ் கேட்க அவை உதவும்.

● பயணக் காப்பீடு எடுங்கள். சர்க்கரை, ஆஸ்துமா போல ஏற்கெனவே உள்ளதை மறைக்காமல் எழுதுங்கள்.

● வீட்டில் ஒருவரிடம் விமான எண், விடுதி முகவரி எல்லாம் இருக்கட்டும். பேசும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, அம்மா கோலம் போட்டு விளக்கேற்றி ஓய்ந்திருக்கும் நேரம்.

செய்யக்கூடாதவை

● ஐந்து நாளில் நான்கு ஊர் வேண்டாம். கோலாலம்பூரும் பினாங்கும் போதும். ரயிலில் பட்டர்வொர்த் சேர்ந்து, அங்கிருந்து படகில் கடலைத் தாண்டினால் பினாங்கின் ஜார்ஜ் டவுன். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த நகரைச் சுற்ற உங்கள் கால்களே போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரைத் தீவுகளுக்குத் திட்டமிடாதீர்கள். பருவமழையில் பல விடுதிகள் மூடியிருக்கும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பத்து கேவ்ஸில் கூட்டம் அலைமோதும். சீனப் புத்தாண்டில் ரயில் டிக்கெட் கிடைப்பதே கடினம். விழாவைக் காண்பதே நோக்கம் என்றால் மட்டும் அப்போது போங்கள்.

● கார்டு தேய்க்கும்போது “ரூபாயிலா, ரிங்கிட்டிலா” என்று கருவி கேட்டால் ரூபாயைத் தொடாதீர்கள். அந்த மாற்று விலை அநேகமாக உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

● யு.பி.ஐ.யை நம்பிக் கிளம்பாதீர்கள். முழுப் பணத்தையும் விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். முதல் நாளுக்கு வேண்டியது மட்டும் போதும். இந்திய ரூபாய் 25,000க்கு மேல் கொண்டுபோக அனுமதி இல்லை.

● பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். அது கைப்பையில்தான் வர வேண்டும்.

● யாருடைய பார்சலையும் வாங்காதீர்கள். திருச்சி, சென்னை விமான நிலையங்களில் “குருவி” என்றால் பிறருக்காகப் பொருள் கடத்துபவர் என்று எல்லோருக்கும் தெரியும். வரிசையில் நிற்கும்போது ஒரு அண்ணனோ அக்காவோ பாசமாகப் பேச்சுக் கொடுத்து, “மருந்துதான் தம்பி, வெளியே வந்து வாங்கிக்குவாங்க” என்பார். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார் என்பதற்காக இளகிவிடாதீர்கள். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு இன்றும் மரண தண்டனை வரை விதிக்க முடியும். பையில் இருந்தது என்னவென்று தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். திரும்பும்போதும் இதே பேச்சு வரும், அப்போது தங்கச் சங்கிலியாக. நகைக்கான சுங்கச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான். சில நாள் போய்வருபவருக்குக் கிடையாது. “முடியாது” என்று சொல்லிவிட்டு வரிசை மாறி நில்லுங்கள். மேலும் வற்புறுத்தினால் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள்.