ஆடத் தெரிந்த பிள்ளைகளுக்கு, கேமரா முன்னால் போகுமுன்

1. டான்ஸ் ஷோவில் பெயர் வாங்கியதும் சீரியல், அடுத்து சினிமா என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள் என எண்ணாதீர்கள். சாய் பல்லவி 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா'வில் ஆடியது 2008-ல். அவர் நடித்த 'பிரேமம்' படம் வந்தது 2015-ல். இடையில் ஜார்ஜியாவுக்குப் போய் மருத்துவம் படித்தார். வாய்ப்பு வரும்வரை படிப்பை விடாதீர்கள்.

2. நடிக்கப் போனால் ஆட்டத்துக்கு எண்ணும் கவுன்ட்டை மறக்க வேண்டும். எங்களைப் போல ஆடிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். சீரியல் செட்டில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுப்பார்; நீங்கள் வாங்கிப் பேச வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் ஆடுகிற பிள்ளையின் உதடு 'ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்' என்று தானாக முணுமுணுக்கும். குளோஸ்-அப்பில் அது அப்படியே தெரியும். திரும்பிப் பார் என்றால் கழுத்து பீட்டுக்கு வெட்டும். சாவு வீட்டுக் காட்சியிலும் முதுகு நிமிர்ந்து, தாடை தூக்கியே நிற்கும். அது நீங்கள் வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்த உடம்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதிரே இருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கப் பழகுங்கள். வீட்டில் பாட்டுப் போடாமல் உட்கார்ந்து, அம்மா பேசுவதை முழுசாகக் கேளுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதைப் போனில் படம் பிடித்துப் பாருங்கள். கை எத்தனை முறை சும்மா அசைகிறது என்று அப்போது புரியும்.

3. ஆடாமல் நின்றாலும் கற்ற ஆட்டம் வீணாகிவிடாது. டேராடூன் பையன் ராகவ் ஜுயல் 'டான்ஸ் இந்தியா டான்ஸ்' மூன்றாவது சீசனில் ஸ்லோ மோஷன் ஆட்டத்தால் ஊரறிந்தவர். 2024-ல் திரைக்கு வந்த 'கில்' படத்தில், ரயிலில் கொள்ளையடிக்கும் கும்பலின் வில்லனாக அவரைப் பாருங்கள். 'லியோ' படத்தில் நம்ம டான்ஸ் மாஸ்டர் சாண்டியையும் பாருங்கள். உடம்பை அடக்கத் தெரிந்தவர் அமைதியாக நின்றாலே பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். எனக்கு இதில் அளவில்லாத பெருமை.

4. ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் 'வேறு சேனலில் வரக் கூடாது' என்று இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு குதிக்கச் சொன்னால் மேட் கேளுங்கள். முழங்கால் போனால் போனதுதான்.

6. பெற்றோருக்கு ஒன்று. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஷூட்டிங்கில் நிறுத்த மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். இது சட்டம். ராத்திரி பதினொரு மணிக்கு மேக்கப்போடு நாற்காலியில் தூங்கி விழும் குழந்தையை எழுப்பி 'இன்னும் ஒரு டேக்தான்' என்பார்கள். 'முடியாது சார்' என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.