பனி தேடிப் போன தோழிகள்

இடக்கொச்சி, கொச்சி நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில் காயல். பாலம் தாண்டினால் அரூர்.

இங்கே இறால் உரிக்கும் கொட்டகையில் ஐந்து தோழிகள் வேலை செய்கிறார்கள். ஐவரும் தமிழ்ப் பெண்கள். நாள் முழுவதும் ஐஸ் போட்ட இறாலில் கை வைத்து வேலை. விரல்கள் மரத்துப் போகும்.

ஒரு நாள் மாலை டி.வி.யில் காஷ்மீரைக் காட்டினார்கள். குல்மார்க் என்ற இடம். மலை முழுவதும் வெள்ளை வெளேரென்று பனி. காலில் நீளமான பலகை கட்டிக்கொண்டு ஆட்கள் சறுக்கி வந்தார்கள்.

இளையவளுக்கு ஆசை வந்தது.

"அக்கா, மூணாறிலும் பனி விழுதாம். நாமும் போய்ச் சறுக்கலாமா?"

"ஐஸில் கை வச்சது போதாதா? இனி காலையும் வைக்கணுமா?" என்றாள் மூத்தவள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் போவது என்று முடிவாயிற்று. சீட்டுப் பணத்தில் வேன் பேசினார்கள். ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எப்போது புறப்படுவது?

கொச்சியிலிருந்து மூணாறு சுமார் 130 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"விடியும்போது அங்கே இருந்தால்தான் பனி பார்க்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கே கிளம்பலாம்" என்றாள் இளையவள்.

மூத்தவள் வேன் ஓட்டுகிற தம்பியைப் பார்த்தாள்.

"தம்பி, சனிக்கிழமை உனக்கு ஓட்டம் இருக்கா?"

"இருக்குக்கா. ராத்திரி பத்து மணி வரைக்கும்."

"அப்படின்னா பன்னிரண்டு மணிக்கு வேண்டாம். தூங்காத கண்ணோடு மலை ஏறக் கூடாது. பனி பார்க்காவிட்டால் பரவாயில்லை. போகிற அத்தனை பேரும் வீடு திரும்பணும்."

காலை ஐந்து மணிக்குப் புறப்படுவது என்று தீர்மானித்தார்கள்.

மலைப்பாதை

கோதமங்கலம் தாண்டி நேரியமங்கலம் வந்தது. அங்கே பெரியாற்றின் மேல் வளைவு வளைவாக ஒரு பழைய பாலம். 1935இல் திறந்த பாலம் அது. 1924இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. அந்த வெள்ளத்தில் மூணாறின் சிறு ரயில் பாதையும் அழிந்தது.

பாலம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. அடிமாலி வந்ததும் காற்று குளிர்ந்தது. மூணாறில் இறங்கியபோது மணி பத்து. வெயில் அடித்தது. சாலையின் இருபக்கமும் பச்சைத் தேயிலை. பனியைக் காணோம்!

இளையவளின் முகம் வாடியது.

பனி எங்கே போனது?

தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் அந்த வழியே வந்தார். அவரும் தமிழர். இளையவள் அவரிடம் கேட்டாள்.

"பனியா? விடியும்போது புல் மேலே உப்புத் தூவின மாதிரி இருந்தது. வெயில் பட்டதும் போயிடுச்சு. அது மேலேயிருந்து விழுகிற பனி இல்லை, தாயி. இது உறைபனி."

மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் புல்லின் மேல் ஐஸாக உறைகிறது. அதுதான் உறைபனி.

காஷ்மீரில் வருவது பனிப்பொழிவு. மேகத்திலிருந்து பஞ்சு போல் விழும். ஆள் உயரம் கூடக் குவியும். அதன் மேல்தான் சறுக்க முடியும்.

ஒரு வியப்பான செய்தி. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். ஆனைமுடிதான் உயரம். ஆனாலும் ஆனைமுடி பனியால் மூடுவதில்லை. ஏன்?

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஆனால் உயரம் மட்டும் போதாது. நம் பகுதி பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. இங்கே வெயில் ஏறக்குறைய நேராக விழுகிறது. காஷ்மீர் வடக்கே தூரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே வெயில் சாய்வாக விழுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மூணாறில் பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போது உறையும் அளவுக்குக் குளிர் இல்லை. ஜனவரியில் குளிர் உண்டு, மழை குறைவு. காஷ்மீரில் குளிரும் மேகமும் ஒரே காலத்தில் வருகின்றன.

அழகும் நட்டமும்

"பனி பார்க்க எவ்வளவோ பேர் வருகிறார்கள். உங்களுக்கும் சந்தோஷம்தானே?" என்று கேட்டாள் மூத்தவள்.

அந்த அம்மா தேயிலைச் செடியைக் காட்டினார். சில இலைகள் தீயில் வாட்டியது போல் பழுப்பாக இருந்தன.

"உறைபனி பட்டால் கொழுந்து கருகிடும். கொழுந்து இல்லாவிட்டால் எடை ஏது? கூடுதல் காசு ஏது?"

இறால் உரிக்கிற பெண்களுக்கு அது உடனே விளங்கியது. இறால் வராத நாளில் அவர்கள் கையும் காலிதான்.

அந்த அம்மா ராஜமலைப் பக்கம் கை நீட்டினார்.

"அதுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி ராத்திரி. விடாத மழை. மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் நம்ம சனம். கயத்தாறுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். கரண்டு இல்லை, போன் இல்லை. வெளியே சேதி தெரிய விடிஞ்சு போச்சு."

யாரும் பேசவில்லை. இளையவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழி

பிறகு தோழிகள் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போனார்கள். வரையாடுகள் பாறையில் நின்றன. கிட்டேயே வந்தன. இளையவள் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தாள். அங்கே ஒரு பலகை இருந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிஸ்கட்டைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

சாப்பிட்ட பொட்டலங்களை ஒரு பையில் கட்டி வேனில் வைத்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கினார்கள்.

"பனியில் சறுக்கவே இல்லையே!" என்று கேலி செய்தார் ஓட்டுகிற தம்பி.

"சறுக்காமல் வீடு வந்து சேர்ந்தோமே, தம்பி!" என்றாள் இளையவள்.

மனதில் கொள்வோம்

• தூக்கம் கெட்டவரை வண்டி ஓட்டச் சொல்லக் கூடாது.
• மழைக்காலத்தில் வானிலை அறிவிப்பைக் கேட்ட பிறகே மலைக்குப் போகலாம். சிவப்பு எச்சரிக்கை என்றால் போகக் கூடாது.
• காட்டு விலங்குக்குத் தீனி கொடுக்கக் கூடாது. குப்பை போடக் கூடாது.
• ஆபத்தில் அழைக்க: 112.

சொல் அறிவோம்

பனித்துளி – இலையில் நிற்கும் நீர்த்துளி
மூடுபனி – வழியை மறைக்கும் புகை போன்ற பனி
உறைபனி – புல்லின் மேல் உறையும் பனி
பனிப்பொழிவு – வானிலிருந்து விழும் பனி

பதில் எழுதுவோம்

1. மூத்தவள் இரவில் கிளம்ப ஏன் மறுத்தாள்?
2. ஆனைமுடி உயரமாக இருந்தும் ஏன் பனியால் மூடுவதில்லை?
3. உறைபனியால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன நட்டம்?
4. உங்கள் ஊரில் மழைக்கு முன் என்ன எச்சரிக்கை தருகிறார்கள்? கூடிப் பேசுங்கள்.