கஜா புயலும் சித்தப்பா தோப்பும்

தம்பி தங்கைகளே, 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பேராவூரணி அருகே சித்தப்பாவின் தென்னந்தோப்பு ஒரே இரவில் சாய்ந்துவிட்டது. இங்கே ஜார்ஜ்டவுனில் நாங்கள் பழைய துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். நல்ல மனசுதான், ஆனால் யாரும் கேட்கவே இல்லையே!

அங்கே கரண்ட் இல்லை. நாலாம் நாள்தான் போன் கிடைத்தது.

"துணி வேணாம்ப்பா. விழுந்த மரத்த அறுத்து அப்புறப்படுத்தணும். கூலிக்குக் காசில்ல."

விழுந்த மரம் மக்கினால் காண்டாமிருக வண்டு அதில்தான் பெருகும். புதுக் கன்றின் குருத்தையும் தின்னும். அதனால் முதலில் அறுப்புக் கூலி அனுப்பினோம், பிறகு கன்றுக்கு. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே? அதுவரை வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் கொஞ்சம்.

போன வருஷம் முதல் பாளை வெடித்ததாம். அந்தப் படம் அம்மாவின் கைப்பேசியில் இருக்கு.