மூன்று மொழிக் கடைக்கு விலாசம் எழுதும் முறை

வியாபாரச் சகோதரர்கள் பலர் இப்போது கடைக்கு இணையதளம் வைத்திருக்கிறார்கள். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் சரக்குப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மொழிப் பக்கத்திற்கும் தனி விலாசம் உண்டா என்று கேட்டால் விழிக்கிறார்கள். நாமும் அப்படி விழித்தவர்கள்தாம். பட்ட பாட்டைக் கொண்டே இதை எழுதுகிறோம்.

நமது மளிகைக் கடைத் தளத்திற்கு முதலில் ஒரே விலாசம். மேலே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மொழி மாறும். பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தது. நோன்புக்கு முன் வாடிக்கைக்காரர் ஒருவர் கஞ்சிச் சாமான்களின் தமிழ்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் தம் தாயாருக்கு அனுப்பினார். அம்மையார் திறந்தபோது வந்தது ஆங்கிலம். தேர்ந்தெடுத்த மொழி அனுப்பியவரின் கைபேசியிலேயே தங்கிவிட்டது, விலாசத்தோடு போகவில்லை. அம்மையார் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டார்.

கூகுளும் அந்த அம்மையாரைப் போலத்தான். பொத்தானை அழுத்திப் பார்ப்பதில்லை. விலாசம் விலாசமாகப் போய்ப் படிக்கிறது. விலாசமில்லாத தமிழ்ப் பக்கம் அதன் பேரேட்டில் ஏறாது. வருகிறவரின் நாட்டைப் பார்த்துத் தானாக மொழியை மாற்றும் ஏற்பாடும் வேண்டாம். கூகுள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வந்து பார்க்கிறது; அதற்கு ஆங்கிலம் ஒன்றே காட்டப்படும்.

விலாசத்தைப் பிரிக்க மூன்று வழி உண்டு. நாட்டுக்கொரு பெயர் வாங்கலாம்: மலேசியாவுக்கு எம்ஒய், சிங்கப்பூருக்கு எஸ்ஜி என முடிபவை. இரு நாட்டிலும் கடை உள்ளவர்களுக்கே இது தகும்; ஒவ்வொன்றையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டும். பெயருக்கு முன்னால் மொழிக் குறியைச் சேர்ப்பது இரண்டாவது. பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு மொழிக் குறியை எழுதுவது மூன்றாவது. ஒரே கடைக்குள் மூன்று அலமாரி வைப்பது போன்றது இது. செலவு குறைவு, கணக்கும் ஒன்று. சிறு கடைக்கு இதுவே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு மொழிப் பக்கத்திற்கு மற்ற மொழிப் பக்கங்கள் எங்கே என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்புக்கு ஹெச்ரெஃப்லாங் என்று பெயர். மூன்று பக்கமும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். ஒரு பக்கம் சுட்டி மறுபக்கம் சுட்டாவிட்டால் அது செல்லாக் குறிப்பு. இதில்தான் நாம் ஏமாந்தோம். தளம் அமைத்த இளைஞர் மலாய்ப் பக்கத்திற்கு 'எம்ஒய்' என்று குறித்திருந்தார். நாட்டுக் குறியாக அது மலேசியா. மொழிக் குறியாகவோ பர்மிய மொழி! மலாய்க்கு 'எம்எஸ்', தமிழுக்கு 'டிஏ', ஆங்கிலத்திற்கு 'இஎன்'. 'எஸ்ஜி' என்று போட்டாலும் சிங்கப்பூர் ஆகாது. அது மத்திய ஆப்பிரிக்காவின் சாங்கோ மொழி. நாட்டையும் சொல்ல வேண்டுமானால் மொழி முன்னே, நாடு பின்னே.

விலாசத்தையே தமிழ் எழுத்தில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கலாம். '.சிங்கப்பூர்' என்று முடியும் பெயர்களே 2011 முதல் உண்டு. நமக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் சாய்கோட்டுக்குப் பின் 'கடை' என்று எழுதினால், நகலெடுத்து அனுப்பும்போது பல இடங்களில் அந்த இரண்டெழுத்து சதவீதக் குறிகளோடு 27 எழுத்தாக நீண்டுவிடும். பார்ப்பவர் ஏதோ மோசடி என்று அஞ்சித் தொடமாட்டார். ஆகவே பக்கத்தின் உள்ளே தமிழும், விலாசத்தில் ஆங்கில எழுத்துமாக வைத்துக்கொண்டோம்.

விலாசத்தை மாற்றுகிறவர்கள் பழையதை அழித்துவிட வேண்டாம். பழையதைத் தட்டினால் புதியதற்குப் போகும்படி 301 என்ற நிரந்தர மாற்றம் போடச் சொல்லுங்கள். நாம் அதை அறியாமல் அழித்தோம். ரசீதிலும் துணிப்பையிலும் அச்சிட்ட விலாசங்கள் ஒரு மாதம் வெறும் பிழைப் பக்கத்தைக் காட்டின. அந்தப் பைகளோடு இன்றும் வாடிக்கைக்காரர்கள் சந்தைக்குப் போகிறார்கள்; பழைய விலாசத்தை மறுபடி உயிர்ப்பித்து வைத்திருக்கிறோம்.