சூல் இசிவு

பிள்ளைப்பேற்றையொட்டித் தாய்மார்க்கு உண்டாகும் இசிவை நம் மக்கள் ஜன்னி என்பர். பேற்றுக்குப்பின் காய்ச்சல் முற்றிப் பிதற்றும் நிலைக்கும் அச்சொல்லே வழங்குகின்றது. முன்னது இரத்த அழுத்த மிகுதியோடு வருவது. பின்னது கிருமியால் விளைவது. காய்ச்சல் இல்லையே என்று வாளாவிருந்து தாயை இழந்தால், அப்பொதுச் சொல்லுக்கும் அதிற் பங்குண்டு. ஆகலின் முன்னதைச் சூல் இசிவு என ஈண்டுக் குறிப்போம்.

மேனாட்டார் வழங்கும் எக்லாம்சியா என்னும் பெயர் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. திடீரென ஒளிர்தல் என்பது பொருள். மின்னல்போல் தாக்குவதெனக் கருதினர் போலும். ஆயின் மின்னலுக்கு முன் மேகம் திரளுமன்றோ? கருவுற்று 20 வாரங்கள் கடந்தபின் இரத்த அழுத்தம் 140/90 அளவையோ அதற்கு மேலோ எய்துதல், சிறுநீரிற் புரதம் காணுதல், நீங்காத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு ஆகியன அம்மேகங்கள். காலும் முகமும் வீங்கினால், "நீர் கோத்திருக்கிறது, பெற்றால் வடிந்துவிடும்" என்று பாட்டிமார் கூறுவர். பெரும்பாலும் அஃது உண்மையே. உண்மையாகாத சிலரைக் கண்டறிதற்கே அழுத்தமானியும் சிறுநீர்ச் சோதனையும் வேண்டும். முன்குறி ஏதுமின்றி இசிவு வருதலும் உண்டு.

நோயின் வேர் நஞ்சில் உள்ளது. கருப்பையின் குருதிக் குழாய்கள் வேண்டுமளவு விரியாமையால் நஞ்சுக்குக் குருதி குன்றுகின்றது; அதனின்று வெளிப்படும் பொருள்கள் தாயின் உடலெங்கும் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. சிசு மெலியும், குறைமாதத்திற் பிறத்தலும், நஞ்சு முந்திப் பிரிதலால் கருவிலேயே இறத்தலும் நேரும். தாய்க்கு மூளையிற் குருதி கசியலாம். சிறுநீரகமும் ஈரலும் பழுதுறலாம். பிழைத்தவர்க்கும் பிற்காலத்தில் நெஞ்சுநோய் வரும் வாய்ப்பு மிகுதி.

குழந்தையும் நஞ்சும் வெளிப்படுதலே நோய்க்கு முடிவு. ஆயினும் அது கணத்தில் தீர்வதன்று. பேற்றுக்குப்பின் முதல் 48 மணி நேரத்தில் இசிவு காணுதல் அரிதன்று. சில வாரங்கள் கழித்தும் வரலாம். அப்பொழுது வீட்டார் கண்ணெல்லாம் தொட்டிலின்மேல்! தாய் தலைவலியென்றால் உறக்கமின்மை என்று தள்ளப்படும். நம்மை மிகவும் நடுங்கச் செய்வது இதுவே. இசிவு கண்டக்கால் கையில் இரும்புச் சாவியைத் திணித்தலாற் பயனில்லை. இடப்பக்கம் சாய்த்துக் கிடத்தி, வாயில் எதனையும் இடாது, விரைந்து மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

ஆண்டுக் கொடுக்கும் மருந்து யாது? பேதியுப்பு என்று நாம் அறிந்த மக்னீசியம் சல்பேட்டே, ஊசிவழி ஏற்றற்கெனத் தூய்மை செய்யப்பெற்றது. பல நாடுகளில் ஏறத்தாழ 1,700 பெண்டிரிடம் நடத்தி 1995-இல் வெளியான ஆய்வில், இசிவு மீள்வதைத் தடுப்பதில் டயஸிபாம், பெனிட்டாயின் இரண்டையும் அவ்வுப்பு வென்றது. 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்டிரிடம் நடந்து 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இசிவு வருமுன்னரே அதனைக் கொடுத்தமையால் ஆபத்து பாதிக்குமேற் குறைந்தது. விலையோ மிகக் குறைவு. அளவு மிஞ்சினால் அதுவே மூச்சை அடக்கும். ஆதலின் செவிலியர் முழங்காலைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பர். கால் துள்ளாதாயின் அடுத்த ஊசியை நிறுத்துவர். மூச்சுத் தளர்ந்தால் கால்சியம் குளுக்கோனேட் மாற்று மருந்தாம்.