பள்ளியறையில் வாசிப்பின் இன்பம்
(கோச்சடைப் பிள்ளைகளை முன்னிட்டு உபாத்தியாயர்களுக்குச் சில யோசனைகள்)

மதுரைக்கு மேற்கே, மேலக்கால் சாலையில், வைகையின் தென்கரையை ஒட்டி அமைந்துள்ளது கோச்சடை. முன்னாளில் வயலும் தோப்புமாக விளங்கிய இவ்வூர் இப்போது மாநகராட்சிக்குள் அடங்கி, வீடுகளும் கடைகளும் நெருங்கிய இடமாகிவிட்டது. இங்குள்ள பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வழியில் கோயிற் பெயர்ப்பலகை, பேருந்தின் நெற்றியிலுள்ள ஊர்ப்பெயர், கடை விளம்பரம், சுவரொட்டி ஆகிய எத்தனையோ எழுத்துக்களைக் கடந்து செல்கின்றது. எழுத்துக்குப் பஞ்சமில்லை. அவ்வாறிருந்தும், பாடப்புத்தகம் தவிர வேறொரு நூலைத் தானே விரும்பிக் கையிலெடுக்கும் பிள்ளையைக் காண்பது அரிதாகவே உள்ளது.

இஃது அற்பமான விஷயமன்று. கட்டாயத்தினால் மட்டுமே வாசித்த பிள்ளை, பள்ளியை விட்ட சில வருஷங்களில் வாசிப்பைக் கைவிடுகின்றது. பின்னர்க் கடன் பத்திரத்திலும் மருந்துச் சீட்டிலும் என்ன எழுதியிருக்கின்றதென்று பிறரைக் கேட்டு, அவர் சொல்வதை நம்ப வேண்டியதாகின்றது. ஆதலின் வாசிப்பில் இன்பம் உண்டாக்குதல் ஓர் அலங்காரமன்று. கற்ற கல்வி நிலைத்து நிற்பதற்கு அதுவே வேர்.

1. தடை எங்கேயுள்ளது?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக எழுத்து 247. இவற்றை ஒப்பிக்கத் தெரிந்துவிட்டால் பிள்ளைக்கு வாசிக்க வந்துவிட்டதென்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அது தவறு. ‘க’ என்னும் ஒரே எழுத்து, கடல் என்பதில் ஒருவிதமாகவும், தங்கம் என்பதில் வேறுவிதமாகவும், பகல் என்பதில் மற்றொரு விதமாகவும் ஒலிக்கின்றது. எந்த இடத்தில் எவ்வொலி என்பதைச் சொல்லை முன்பே அறிந்திருக்கும் பிள்ளைதான் சட்டென்று கண்டுகொள்ளும். எழுத்தெழுத்தாகக் கூட்டி வரும் பிள்ளை, சொல்லின் முடிவை எட்டுவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துபோகின்றது. வாக்கியத்தின் பொருளோ அதற்கு எட்டுவதேயில்லை. பொருள் எட்டாத இடத்தில் இன்பம் எங்ஙனம் உண்டாகும்?

மற்றொரு தடை பேச்சுக்கும் ஏட்டுக்கும் உள்ள தூரம். மதுரைப் பக்கத்துப் பிள்ளை “அங்கிட்டுப் போச்சு” என்று பேசுகின்றது. புத்தகத்திலோ “அப்பக்கம் சென்றது” என்றிருக்கின்றது. பிள்ளைக்கு இது பாதி அந்நிய பாஷை போலத் தோன்றும். அதன் பேச்சைக் கொச்சையென்று கடிந்தால் வாயை மூடிக்கொள்ளும். “வீட்டில் நாம் இப்படிச் சொல்லுவோம், புத்தகம் இப்படிச் சொல்லுகின்றது” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பிள்ளை அவ்விரண்டையும் தனதாக்கிக்கொள்ளும்.

2. பிள்ளையின் சொல்லே முதற் புத்தகம்

நியூஸீலந்து தேசத்தில் மவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்னும் ஆசிரியை, ஒவ்வொரு பிள்ளையும் தானே கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக்கொடுத்து, அதிலிருந்தே வாசிப்பைத் தொடங்கினார். 1963-ம் வருஷம் வெளிவந்த தமது நூலில் இம்முறையை அவர் விவரித்துள்ளார். நம் வகுப்பிலும் இதனைச் செய்வது எளிது.

சித்திரைத் திருவிழா முடிந்து, விடுமுறையும் கழிந்து பள்ளி திறந்தவுடன், “அழகர் ஆற்றில் இறங்கியதை யார் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்லச் சொல்ல, உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதுக: “அழகர் ஆற்றில் இறங்கினார். நான் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் பீய்ச்சினார்கள். என் சட்டை நனைந்தது.” தான் கூறிய வாக்கியம் எழுத்தாக நிற்பதைக் காணும் பிள்ளை, அதைத் தடையின்றி வாசிக்கும், ஏனெனில் அதன் பொருள் முன்பே அதன் மனத்திலுள்ளது. இவ்வாக்கியங்களைத் தாள்களில் எழுதி, பிள்ளைகளைக் கொண்டே படம் வரையச்செய்து, ஓரத்தைத் தைத்துவிட்டால் வகுப்பின் முதற் புத்தகம் ஆயத்தமாகின்றது. செலவு ஒன்றுமில்லை.

3. உபாத்தியாயர் வாசித்துக் காட்டுதல்

நாள்தோறும் பத்து நிமிஷம், பாடத்திற்குப் புறம்பான ஒரு கதையை உபாத்தியாயர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கதையைச் சொல்லுதல் வேறு, வாசித்தல் வேறு. கையில் புத்தகத்தைப் பிடித்து, பக்கத்தைப் புரட்டி, படத்தைக் காட்டி வாசிக்கும்போதுதான் இந்த இன்பம் எழுத்திலிருந்து வருகின்றது என்பதைப் பிள்ளை உணரும். சுவையான இடத்தில் நிறுத்தி, “இனி என்ன நடக்கும்?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கதை முடிந்ததும் நீதி யாது, பாத்திரங்கள் எத்தனை என்று பரீட்சை வைக்கலாகாது. விருந்திட்டபின் கணக்குக் கேட்பவர் வீட்டிற்கு யாரும் மறுமுறை வருவதில்லை.

4. தெரிந்தெடுக்கும் உரிமை

1931-ம் வருஷம் சீர்காழி அரங்கநாதன் நூல்நிலைய சாஸ்திரத்தின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன அவற்றுள் இரண்டு. அவ்வருஷம் அக்டோபர் மாதம், மன்னார்குடியில், கனகசபைப் பிள்ளை என்பார் முயன்று அமைத்த மாட்டுவண்டி நூல்நிலையத்தையும் அவர் தொடங்கிவைத்தார். நூலைத் தேடி மனிதர் வருவதற்குக் காத்திராமல், மனிதரைத் தேடி நூல் சென்றது.

அவ்விதிகள் வகுப்பறைக்கும் பொருந்தும். பூட்டிய அலமாரியிலுள்ள நூல் இல்லாத நூலே. சுவரோரம் ஒரு கயிற்றைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கட்டி, மெல்லிய கதைப்புத்தகங்களை அட்டைப்படம் தெரியும்படி தொங்கவிடுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது இருபது நிமிஷம் ஒதுக்கி, விரும்பியதை எடுக்க விடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதல் வகுப்புப் புத்தகத்தை எடுத்தாலும் நகைக்க வேண்டாம். ஒரே புத்தகத்தைப் பத்துமுறை எடுத்தாலும் தடுக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வாசிப்பதனாலேயே வேகம் உண்டாகின்றது. பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடவும் உரிமை வேண்டும். தாள் கிழியுமேயென்று அஞ்ச வேண்டாம். கிழியும், ஒட்டிக்கொள்ளலாம்.

டோக்கியோ நகரத்தில் தோமோயி என்னும் பள்ளியில் பழைய ரயில் வண்டிப் பெட்டியொன்றே நூல்நிலையமாக இருந்ததையும், பிள்ளைகள் விரும்பிய நூலை விரும்பியபடி வாசித்ததையும், அங்குப் பயின்ற டெட்சுகோ குரோயனாகி “டோட்டோ-சான்” என்னும் நூலில் எழுதியுள்ளார். தமிழிலும் கிடைக்கும் அந்நூலை உபாத்தியாயர் ஒவ்வொருவரும் வாசித்தல் நலம்.

5. நூல்கள் கிடைக்குமிடம்

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023-ம் வருஷம் தொடங்கிச் சிறு நூல்களை வெளியிட்டது. அவை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. பிள்ளையின் வயதையன்றி, வாசிக்கும் திறத்தை ஒட்டிய பகுப்பு இது. 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளன்று, வைகைக்கு அக்கரையில், புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. சிறுவர்க்கெனத் தனிப் பகுதி அங்குண்டு. கோச்சடைப் பிள்ளைகளை வருஷத்தில் ஒருமுறையேனும் அழைத்துச் சென்று, இவையெல்லாம் உங்களுக்காகவே வைக்கப்பட்டவை என்று காட்டுதல் உபாத்தியாயரின் கடமை.

வீடுகளில் பழைய நூல்கள் இருப்பின், 1978-ம் வருஷத்து எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய ணை, லை, னை முதலிய எழுத்துக்களின் வடிவம் வேறாக இருக்கும். தாத்தாவோ பாட்டியோ அருகில் அமர்ந்து அவற்றைக் காட்டிக்கொடுத்தால், அதுவே இருவருக்கும் ஒரு விளையாட்டாகும்.

6. பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

தாய்க்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் தடையில்லை. அடுப்பருகில் அமர்ந்து, “நீ வாசி, நான் கேட்கிறேன்” என்று அவர் சொல்லும் ஒரு சொல், பிள்ளைக்குப் பெரிய பரிசு. தவறு கண்டுபிடிக்க முடியாத தாயிடம் பிள்ளை அச்சமின்றி வாசிக்கும்.

முடிவாக, உபாத்தியாயர்கள் இவையனைத்தையும் ஒரே நாளில் மேற்கொள்ள வேண்டுவதில்லை. நாளைக் காலையில் பத்து நிமிஷம் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் கயிற்றைக் கட்டுங்கள். மணி அடித்த பின்னும் ஒரு பிள்ளை புத்தகத்திலிருந்து தலை தூக்காதிருந்தால், அதைக் கடிந்துகொள்ளாதீர்கள். உங்கள் வேலை பலித்ததற்கு அதுவே அடையாளம்.