செயின் சோ எஞ்சினை மறுபடி கட்டுதல்: மாற்று உதிரிப்பாகங்களின் தரம் பார்க்கும் முறை

செயின் சோ எனப்படும் சங்கிலி வாளின் எஞ்சின் இறுகி நின்றால் அதைத் திருத்திக் கட்டத் தேவையான பாகங்கள் கடைகளில் மூன்று வகையாகக் கிடைக்கும். முதலாவது, இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரில் வரும் ஒறிஜினல். இரண்டாவது, உதிரிப்பாகம் செய்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்பவை. இத்தாலியின் மீற்றியோர் பிஸ்டன், கேபர் றிங், அமெரிக்காவின் ஒரிகன் சங்கிலி போன்றவை இந்த வகை. மூன்றாவது, செய்தவர் பெயர் இல்லாத பெட்டியிலோ ஒறிஜினல் பெட்டியைப் பார்த்து அச்சிட்ட பெட்டியிலோ வரும் நகல்.

விலையை மட்டும் பார்த்து இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது பிழை. பாகம் பழுதானால் அதனோடு வேறு எது கெடும் என்பதே சரியான அளவுகோல். ஏர் பில்டர் மூடி உடைந்தால் மூடி மட்டும்தான் நட்டம். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும், சில்லறைக் காசுக்கு வாங்கும் சேர்கிளிப் கழன்றாலோ பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்தே போகும். சங்கிலி பிரேக் பிடிக்காவிட்டால் நட்டம் இயந்திரத்தோடு நிற்காது.

இலங்கையின் ஒலுவில் போன்ற கரையோர ஊரில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. கடலரிப்பில் சரிந்த தென்னைகளை அறுக்கும்போது மரத்தில் ஒட்டிய மணல் சங்கிலியையும் ஏர் பில்டரையும் தின்னும். உப்புக்காற்று ஆணிகளைத் துருப்பிடிக்க வைக்கும். பெரிய வாள்களின் கிராங்க் கேஸ் பெரும்பாலும் மக்னீசியக் கலவையால் ஆனது. உப்பு ஈரம் பட்டால் அது வேகமாக அரிக்கப்படும்.

படி 1: பழுதின் காரணத்தைக் கண்டுபிடித்தல்

காரணம் தெரியாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் பழையதைப் போலவே இறுகும். சைலன்சரைக் கழற்றி, புகை போகும் வாசல் வழியாகப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மட்டும் நெடுங்கோடுகள் இருந்தால் எஞ்சின் மிகையாகச் சூடேறியிருக்கிறது. ஒயில் குறைந்த பெற்றோல், காற்றுக் கசிவு, பெற்றோல் வரத்துக் குறைவு ஆகியவற்றில் ஒன்று அதற்குக் காரணமாகலாம். பெற்றோல் உள்ளே வரும் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் தூசியும் மணலும் புகுந்திருக்கின்றன. பில்டரையும் அதன் இருக்கையையும் பார்க்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றிலும் ஒரே சீராகக் கோடு விழுந்திருந்தால் ஒயில் கலக்காத பெற்றோல் ஓடியிருக்கக் கூடும்.

மீன்பிடி ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. படகு எஞ்சினுக்கு விற்கும் ரீசீ-டபிள்யூ3 ஒயில் நீரால் குளிரும் எஞ்சினுக்கானது. காற்றால் குளிரும் செயின் சோவின் சூட்டுக்கு அது பொருந்தாது. படகுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோன கலனில் வாளுக்குப் பெற்றோல் கலப்பதும் எஞ்சினைக் கெடுக்கும்.

படி 2: பழைய சிலிண்டரைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தல்

தரமான வாளின் சிலிண்டர் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. அதன் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் காபைட்டும் சேர்ந்த கடினமான பூச்சு இருக்கும். எஞ்சின் இறுகும்போது பெரும்பாலும் பிஸ்டனின் மென்மையான அலுமினியமே உருகி இந்தப் பூச்சின்மேல் ஒட்டுகிறது. பூச்சு கெடாமலும் இருக்கலாம்.

ஒட்டிய அலுமினியத்தில் மட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு வைத்தால் அது நுரைத்துக் கரையும். நுரை நின்றதும் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். பூச்சில்லாத வாசல் ஓரங்களில் அமிலம் பட்டால் சிலிண்டரே கரையும். இந்த வேலையைத் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்வது கட்டாயம். கழுவிக் காய்ந்த சுவரில் நகம் மாட்டாவிட்டால் அந்தச் சிலிண்டரை வைத்துக்கொள்ளலாம். நல்ல பிஸ்டனோடு சேர்ந்த பழைய ஒறிஜினல் சிலிண்டர், பல வேளைகளில் பெயரில்லாத புது சிலிண்டர்-பிஸ்டன் செற்றைவிட நெடுநாள் உழைக்கும்.

படி 3: பாகங்களை மூன்றாகப் பிரித்தல்

பட்டியலை எழுதி, ஒவ்வொரு பாகத்தையும் கீழுள்ள மூன்றில் ஒன்றில் சேர்க்க வேண்டும்.

ஒறிஜினலாகவே வாங்க வேண்டியவை: சங்கிலி பிரேக்கின் பட்டியும் ஸ்பிரிங்கும், அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொளுக்கி, துரொட்டில் பூட்டு, கிளச், சேர்கிளிப்.

பெயருள்ள மாற்று நிறுவனத்திடம் வாங்கக்கூடியவை: பிஸ்டன், றிங், பெயாரிங், ஒயில் சீல், பிளக், காபரேட்டர், சங்கிலி, பார். இவற்றுள் சிலவற்றை வாள் நிறுவனங்களே வெளியில்தான் வாங்குகின்றன. வால்ப்ரோ, சாமா, தில்லொட்சன் ஆகியவை பல வாள்களுக்குக் காபரேட்டர் செய்து கொடுப்பவை. அவற்றின் பெயரிலேயே வாங்கினால் அதே தரம் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

நகல் போதுமானவை: வெளிமூடிகள், கைப்பிடி, தாங்கி மூடி, இழுவைக் கயிற்றின் பிடி.

படி 4: கடையிலேயே சோதித்தல்

கொழும்பிலிருந்து வரவழைத்த பாகத்தைத் திருப்பி அனுப்புவது பணமும் நாளும் விழுங்கும் வேலை. ஆகவே ஒலுவிலுக்கு அருகே கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வாங்கும்போதே பழைய பாகம், வேர்ணியர், சிறிய ரோர்ச் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

சிலிண்டர்: முதலில் துளை விட்டத்தை அளக்க வேண்டும். ஸ்டில் நிறுவனத்தின் 070க்கு 58 மி.மீ., எம்எஸ் 660க்கு 54 மி.மீ., எம்எஸ் 381க்கு 52 மி.மீ., எம்எஸ் 250க்கு 42.5 மி.மீ. அடுத்து, ரோர்ச் அடித்து வாசல்களின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் கத்திபோல் கூராக இருந்தால் றிங் அதில் மாட்டி உடையும். இலேசாகச் சாய்த்துத் தேய்த்திருக்க வேண்டும். பூச்சு ஓரங்களில் உரிந்தோ திரண்டோ இருந்தால் வாங்கக் கூடாது. உரிந்த பூச்சுத் துகள் பிஸ்டனை அரம்போல் தேய்த்துவிடும்.

பிஸ்டன்: பழையதையும் புதியதையும் பின்னோடு சேர்த்துத் தராசில் வைக்க வேண்டும். புதியது கணிசமாகக் கனத்தால் வாள் அதிகம் அதிரும், பெயாரிங் சீக்கிரம் தேயும். பின் துளையிலிருந்து பிஸ்டனின் தலை வரையுள்ள உயரம் பழையதை ஒத்திருக்க வேண்டும்.

றிங்: பிஸ்டனின் பள்ளத்தில் தடையின்றி அசைய வேண்டும். றிங்கின் முனைகளை நிறுத்தும் சிறு ஊசி எந்த வாசலுக்கும் நேராக வரக் கூடாது. வந்தால் முனை வாசலில் புகுந்து முறியும்.

ஒயில் சீல்: உதட்டை விரலால் வளைத்தால் எளிதாக வளைந்து பழைய நிலைக்கு நிமிர வேண்டும். சூடான கடைத் தட்டில் பல வருடம் கிடந்த சீல் விறைத்திருக்கும்.

பெயாரிங்: செய்தவர் பெயரும் இலக்கமும் இரும்பில் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். பழையதில் சி3 என்ற குறி இருந்தால் புதியதிலும் அது வேண்டும். அந்தக் குறி சூட்டில் விரிய இடம்விட்ட பெயாரிங்கைக் காட்டுகிறது.

பொறிச் சுருள்: கடையில் இதன் தரத்தைத் தெரிந்துகொள்ள வழியில்லை. மட்டமான சுருள் குளிரில் பொறி தந்து, சூடேறியதும் நின்றுவிடும். பழையது வேலை செய்தால் அதை மாற்றாமல் விடுவது நல்லது.

படி 5: பூட்டும்போது அளத்தல்

நல்ல பெயருள்ள பாகத்தையும் அளக்காமல் பூட்டக் கூடாது. றிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியில் பீலர் கேஜை விட வேண்டும். துளையின் ஒவ்வொரு 25 மி.மீ. விட்டத்துக்கும் குறைந்தது 0.1 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. அதன்படி 070க்கு ஏறத்தாழ 0.23 மி.மீ. வரும். இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிச் சுவரைக் கீறும். அப்போது முனையை நுண்ணிய அரத்தால் இராவ வேண்டும்.

பிஸ்டனை அதன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கப் பூட்டி, புது சேர்கிளிப்பைப் பள்ளத்தில் முழுவதும் உட்கார வைக்க வேண்டும். சிலிண்டரை இறுக்கிய பின், பிளக் துளை வழியாக மெல்லிய ஈயக் கம்பியைச் சிலிண்டர் சுவர் வரை நீட்டிக் கிராங்கை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நசுங்கிய முனையின் தடிப்பு 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் பிஸ்டன் தலை முட்டும் ஆபத்து உண்டு. தடித்த கஸ்கட் போட வேண்டும். 1 மி.மீ.யைத் தாண்டினால் வலு குறையும்.

படி 6: காற்றுக் கசிவு பார்த்தல்

பெற்றோல் வாசலையும் புகை வாசலையும் ரப்பர்த் தகட்டால் அடைத்து, 0.5 பார் அழுத்தம் ஏற்ற வேண்டும். அழுத்தம் குறைந்தது 20 வினாடி இறங்காமல் நிற்க வேண்டும். பிறகு அதே 0.5 பார் அளவுக்குக் காற்றை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். ஒயில் சீல் உள்ளே இழுக்கும் கசிவு இதில்தான் தெரியும். அழுத்தம் ஏற்றியிருக்கும்போது சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். மாற்றுப் பாகத்தால் கட்டிய எஞ்சினுக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. கஸ்கட் முகம் சீராக இல்லாத சிலிண்டரும் பொருந்தாத சீலும் இங்கேதான் அகப்படும்.

படி 7: சங்கிலியும் பாரும்

சங்கிலி, ஸ்புரொக்கற், பார் மூன்றுக்கும் பிட்ச் அளவு (சங்கிலியின் அடுத்தடுத்த மூன்று றிவெற்றுகளின் நீளத்தில் பாதி) ஒன்றாக இருக்க வேண்டும். 070 போன்ற பெரிய வாளில் அது 0.404 அங்குலம், நடுத்தர வாள்கள் பலவற்றில் எட்டில் மூன்று அங்குலம். தேய்ந்த ஸ்புரொக்கற்றில் புதுச் சங்கிலி போட்டால் சங்கிலி சீக்கிரம் இழுபடும். தென்னை, பனை ஆகியவற்றின் வெளிப்புறம் மிகக் கடினமானது. மட்டமான சங்கிலியின் பல் அதில் சில வெட்டுகளிலேயே மழுங்கும். அறுக்குமுன் மரத்தின் மணலைக் கழுவுவது எந்தச் சங்கிலிக்கும் ஆயுளைக் கூட்டும்.

படி 8: முதல் ஓட்டமும் பதிவும்

கைநூலில் சொன்ன விகிதத்தில் ஒயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மி.லீ.; 25க்கு 1 என்றால் 40 மி.லீ. காற்றால் குளிரும் எஞ்சினுக்கான இரண்டு ஸ்ட்ரோக் ஒயிலே வேண்டும். முதல் மூன்று தாங்கி பெற்றோல் தீரும் வரை மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் உறும விடக் கூடாது. முதல் தாங்கி முடிந்து எஞ்சின் ஆறியதும் சிலிண்டர் ஆணிகளை மீண்டும் இறுக்கி, சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். கோடு விழத் தொடங்கியிருந்தால் அங்கேயே நிறுத்தலாம்.

இலங்கையில் 2019இல் சங்கிலி வாள்களைப் பொலிஸில் பதிவு செய்யும் நடைமுறை வந்தது. வாளை அடையாளங்காட்டும் இலக்கம் அதன் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். கிராங்க் கேசையே மாற்றினால் அந்த இலக்கம் போய்விடலாம். ஆகவே அதை மாற்றுமுன் பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, உரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பாகம் எங்கே, எப்போது வாங்கப்பட்டது, றிங் இடைவெளி எவ்வளவு என்பதை ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், அடுத்த முறை எந்தப் பெயர் எத்தனை நாள் உழைத்தது என்பது அதிலேயே இருக்கும்.